ஆமா, நாந்தான்

பூனை செய்த காரியத்துக்கும் எங்கள் கடை அண்ணாச்சி பொறுப்பேற்றுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எனக்குக் கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த புதிது. சாலைக் கடைத்தெருவில் கீழே ஜவுளிக்கடை, மேலே வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு மரப்படி. அந்தப் படியின் நடுவில் நின்றால் கடையின் பின்பாதி முழுக்கத் தெரியும். புதுப்பெண்ணுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? மலையாளமும் தெரியாது, யாரிடமும் பழக்கமும் இல்லை. அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அன்றைக்குக் கடைப்பூனை மேஜைமேல் ஏறி, விலைச்சீட்டு எழுத வைத்திருந்த மைப்புட்டியைத் தட்டிவிட்டது. பக்கத்திலிருந்த வெள்ளை மல் துணி முழுவதும் மை. மாமனார் முன்பக்கத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "எவம்லே இதச் செஞ்சது?" என்று கத்தினார். கடையில் வேலை பார்த்த இரண்டு பையன்களும், அவன்தான் என்று ஒருவனும் நானா என்று இன்னொருவனுமாகச் சண்டைக்கு நின்றார்கள். உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆமா மொதலாளி, நாந்தான்."

மாமனார் அவரைப் பார்த்தார். பூனை அவருடைய காலடியில் உட்கார்ந்து முன்காலை நக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலெல்லாம் மை.

"சரி, போ" என்றார் மாமனார். அவ்வளவுதான். சண்டை முடிந்தது. பையன்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவர் அந்த மல் துணியை எடுத்து, மை படாத பாகத்தைக் கிழித்துத் தனியே மடித்து வைத்தார். நான் படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவருக்குப் பெயர் உண்டு. நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை ஊர்வாயில் விழுந்தது போதும். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. வள்ளியூர்ப் பக்கத்து ஆள். தன் கல்யாணத்துக்கு முன்னாலேயே இங்கே பிழைக்க வந்து, எங்கள் கடையிலேயே தலை நரைத்தவர். ஒல்லி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல். துணியை அவர் கத்தரியால் வெட்டிப் பார்த்ததில்லை. நுனியில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கையால் நேராகக் கிழிப்பார். அந்தச் சத்தம் மாடிவரைக்கும் கேட்கும்.

கடையில் அது ஒரு நடைமுறையாகவே ஆகியிருந்தது. எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும், யார் ஃபேனை நிறுத்தாமல் போனாலும், மாமனார் "எவம்லே செஞ்சது?" என்பார். அண்ணாச்சி "ஆமா, நாந்தான்" என்பார். மாமனார் "சரி, போ" என்பார். செய்தது அவரில்லை என்று மாமனாருக்குத் தெரியும். அது எல்லோருக்கும் தெரியும் என்று அண்ணாச்சிக்கும் தெரியும். சம்பளத்தில் பிடித்ததுமில்லை, ஒரு வார்த்தை கூடுதலாகத் திட்டியதுமில்லை. கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும், அதற்கு அவர் இருந்தார்.

வியாபாரத்திலும் அப்படியே. "அண்ணாச்சி, இந்தச் சாயம் போகுமோ?" என்று கேட்கிற பெண்பிள்ளைகளிடம், "போவும்மா" என்பார். "ரெண்டு நனையில போவும். பொறவு நிக்கும்." என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "வாய மூடிட்டுக் கிழிச்சுக் குடுத்தா என்னவாம்?" என்று கேட்டால், "ஆமா, எம்மேல தப்புதான்" என்று அதையும் ஏற்றுக்கொள்வார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது? பஞ்சுமூட்டையைக் குத்துகிற மாதிரி. கை வலிக்காது, அதே சமயம் குத்தின திருப்தியும் இருக்காது.

ஒருநாள் அவர் மேலே வந்து மாமியாரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, செய்யாததுக்கெல்லாம் நாந்தான் நாந்தான்னு சொல்லுதீங்களே, ஒங்களுக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தார். "ஒரு ஆளு ஏத்துக்கிட்டா தீந்துதுல்லாம்மா? இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் அதுவே பேச்சா இருக்கும். யாவாரம் கெட்டுப் போவும். பொறவு ரெண்டு பேரு ஒருத்தரு மொகத்த ஒருத்தரு பாக்க மாட்டாவ. நமக்கென்ன, ஒரு சொல்லுதானே?"

ஒரு சொல்தான். எனக்கு அப்போது அது பெரிய குணமாகத் தெரிந்தது. அவரைப் பிடித்துப்போனது. அவர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துக் கொஞ்சம் குழம்பு கீழே கொடுத்தனுப்புவேன்.

அவர் மனைவிக்கு அது குணமாகத் தெரியவில்லை. கரமனை ஆற்றுப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தார்கள். பண்டிகைக்குத் துணி எடுக்க வந்தால் அந்த அம்மாள் மேலே வந்து என்னோடு ஒரு மூச்சு பேசிவிட்டுத்தான் போவார். "வீட்லயும் இப்படித்தாம்மா. மழை பெஞ்சாலும் நாந்தான்னுவாரு. பக்கத்து வீட்டுக்காரி எங்கூடச் சண்டைக்கு வந்தா, எனக்குப் பரிஞ்சு ஒரு வார்த்தை வராது. 'ஆமா, எங்க மேலதான் தப்பு'ன்னு அவகிட்டப் போய் நிப்பாரு. எனக்கு எரியுமா எரியாதா?" என்பார். பிறகு அவரே, "ஆனா ஒண்ணு. ஊர்ல ஒரு கெட்ட பேரு கெடையாது. அதை வச்சுத்தான் எங்க பிள்ளையைக் கேட்டு வந்திருக்காவ" என்று சேர்த்துக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே பெண். மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க பஸ்ஸில் வேலை. தை மாதம் கல்யாணம். அவர்கள் இது வேண்டும் அது வேண்டும் என்று ஒன்றும் கேட்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் விசாரித்தோம், அப்பாவைப் பற்றி எல்லாரும் நல்லதாகவே சொன்னார்கள், அது போதும் என்றார்களாம். அண்ணாச்சி இதை என்னிடம் சொன்னபோது மட்டும் அவர் முகத்தில் பெருமையைப் பார்த்தேன். கல்யாணப் புடவையைத் தானே தேர்ந்தெடுத்து, ஒரு தாளில் சுற்றி, மேல்தட்டில் தனியாக வைத்திருந்தார். அரக்கு நிறம். "சாயம் போகுமா அண்ணாச்சி?" என்று கேலி செய்தேன். "இது போவாதும்மா" என்றார்.

அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. மரப்பெட்டி, இழுத்து மூடுகிற கதவு, நான்கு கால். எங்கள் வரிசைக் கடைக்காரர்களில் முதலில் வாங்கியது மாமனார்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு துப்பறியும் தொடர் போடுவார்கள். இந்திதான். ஒரு பெரிய திருடன். கோடீஸ்வரர்கள் வீட்டுப் பெட்டகம், அரண்மனை வைரம், வங்கி என்று வாரத்துக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு போவான். அவன் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். கையுறை போட்ட கை மட்டும் வரும். எங்கள் வீட்டில் அவனுக்குப் பெரிய கள்ளன் என்று பெயர். ஒரு இன்ஸ்பெக்டர் வாரா வாரம் தோற்றுப்போவார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்தி கிடையாது. இங்கே பள்ளியில் உண்டு. அதனால் என் நாத்தனார்தான் டிவி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாக எங்களுக்குச் சொல்லுவாள். அவள் சொல்லாவிட்டால் எங்களுக்கெல்லாம் அது ஊமைப்படம். கூடம் நிறையக் கூட்டம். பக்கத்துக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். பாத்திரக்கடைப் பிள்ளைகள் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டிருக்கும். அண்ணாச்சியும் வருவார். நாற்காலி கொடுத்தாலும் உட்காரமாட்டார். வாசல் நிலைக்குப் பக்கத்தில், எல்லோருடைய செருப்பும் கிடக்கிற இடத்தில், தரையில்.

ஒவ்வொரு வாரமும் கடைசியில், பெட்டகம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து இன்ஸ்பெக்டர் கேமராவைத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "இதைச் செய்தது யார்?" அந்த ஒரு இந்தி வாக்கியம் எல்லோருக்குமே பழகிவிட்டது. ஆரம்பத்தில் என் வீட்டுக்காரர்தான் விளையாட்டாகத் திரும்பி, "எவம்லே செஞ்சது?" என்று மாமனார் குரலில் கேட்டார். வாசலிலிருந்து, "ஆமா, நாந்தான்" என்று பதில் வந்தது. கூடமே சிரித்தது. மாமனாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு வாரா வாரம் அதுதான். இன்ஸ்பெக்டர் கேட்பார், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "அண்ணாச்சீ!" என்று கத்தும், அவர் "ஆமா, நாந்தான்" என்பார், சிரிப்பு, டிவிக்கதவை மூடுதல். ஒரு வாரம் ஊரில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் கேட்டபோது யாருமே பேசவில்லை. பிள்ளைகள் முகம் தொங்கிப்போய் வீட்டுக்குப் போயின. "அண்ணாச்சி இல்லன்னா சீரியலே சரியில்ல" என்றாள் நாத்தனார்.

தொடர் முடியப் போகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். கடைசிக்கு முந்தின வாரம் முகத்தைக் காட்டப் போகிறார்கள் என்று தெரிந்து அன்றைக்குக் கூட்டம் இரண்டு மடங்கு. முகம் தெரியாதவர்கள்கூட வந்திருந்தார்கள். மாமியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளறைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். அடுத்த மாதம் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம். அதற்காக வாங்கின தங்க மாலை அலமாரியில் இருந்தது.

அன்றைக்குக் கூட்டம் அதிகமென்று அண்ணாச்சிதான் கீழே டீக்கடையிலிருந்து தூக்குவாளியில் டீ வாங்கிவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

பெரிய கள்ளன் யாரென்று காட்டினார்கள். இன்ஸ்பெக்டரின் அலுவலகத்தில் முதல் வாரத்திலிருந்து தட்டில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற கிழவன். குனிந்த முதுகு, எதைக் கேட்டாலும் தலையாட்டல். அவனை நாங்கள் யாரும் கவனித்ததேயில்லை. அவன் தட்டை வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, பையிலிருந்து அந்தக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான். கூடம் முழுக்க ஒரு "ஐயோ!". மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். "அடப்பாவி, இத்தனை நாளும் கூடவேல்லா இருந்திருக்கான்!" என்றார்.

வழக்கம்போல இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டார். பிள்ளைகள் "அண்ணாச்சீ!" என்று கத்தின. அவர் வாசலில் டீத் தம்ளர்களை அடுக்கிக்கொண்டே, "ஆமா, நாந்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒருவர், "இவரும் டீதானே கொண்டு வந்தாரு!" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். அதில் சிரிக்காமல் இருப்பதற்கு ஒன்றுமில்லை.

மறுநாள் விடியற்காலையில் நாகர்கோவிலிலிருந்து ஆள் வந்தது. மாமியாரின் அக்காளுக்கு உடம்பு முடியவில்லை. மாமியார் ஒரு சேலையை மாற்றிக்கொண்டு அவனோடேயே தம்பானூருக்குப் போய்ப் பஸ் ஏறிவிட்டாள். யாரிடமும் நின்று பேசக்கூட நேரமில்லை.

மத்தியானம் நாத்தனார் மாலையைப் போட்டுப் பார்க்கலாமென்று அலமாரியைத் திறந்தாள். பெட்டி இருந்தது. உள்ளே மாலை இல்லை.

வீடு தலைகீழாயிற்று. தேடாத இடமில்லை. நாத்தனார் தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமனார் கடையின் கதவில் ஒரு பலகையைச் சாத்திவிட்டு, வேலைக்காரர்களை வரிசையாக நிற்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் வெளியே போய், கடையில் துணி எடுத்துப் பழக்கமான ஒரு ஏட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சும்மா, பயமுறுத்தத்தான். யூனிஃபார்மைப் பாத்தா எடுத்தவன் குடுத்துருவான்" என்று படியில் நின்ற என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் கேட்டார். அதே கேள்வி, அதே குரல். "எவம்லே செஞ்சது?"

பையன்கள் இரண்டு பேரும் ஒருவனையொருவன் காட்டினார்கள். நேற்று நீதான் உள்ளே போனாய், நான் எங்கே போனேன், தண்ணி குடிக்கப் போனாயே என்று வார்த்தை தடித்தது. ஒருவன் மற்றவனின் சட்டையைப் பிடித்தான். மூத்தவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

"விடுங்கலே" என்றார் அண்ணாச்சி. கையிலிருந்த மீட்டர் கோலை மேஜைமேல் வைத்தார். "ஆமா மொதலாளி, நாந்தான்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சட்டையைப் பிடித்தவன் சிரித்தான், என் வீட்டுக்காரர் சிரித்தார், மாமனார்கூட அவ்வளவு கோபத்திலும் உதட்டைக் கடித்துக்கொண்டார். இனி மாமனார் "சரி, போ" என்று சொல்லவேண்டும். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் படியில் காத்துக்கொண்டிருந்தேன்.

ஏட்டு மட்டும் சிரிக்கவில்லை.

"எந்தா எல்லாரும் சிரிக்குந்நது? இயாள் சம்மதிச்சல்லோ." இவர்தான் ஒப்புக்கொண்டுவிட்டாரே, பிறகென்ன சிரிப்பு என்கிறார்.

"இல்ல சாரே, இவரு எப்பவும் இப்படித்தான் சொல்லும். சும்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மாவோ? மோஷணம் ஆரெங்கிலும் சும்மா சம்மதிக்குமோ?"

திருட்டை யாராவது விளையாட்டுக்கு ஒப்புக்கொள்வார்களா என்று கேட்கிறார். வெளியாள் கேட்கிற கேள்விதான். இந்தக் கடையில் ஒப்புக்கொள்வார்கள், பூனைக்காகக்கூட ஒப்புக்கொள்வார்கள் என்பதை அந்த மனிதருக்கு எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது? மாமனார் சொல்லியிருக்கலாம். அவர் வாயைத் திறந்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்படி அவர் அண்ணாச்சியைப் பார்த்ததே கிடையாது. வாய் மூடிக்கொண்டது.

நான் படியிலிருந்து இறங்கியே வந்துவிட்டேன். "மாமா, அண்ணாச்சி எடுக்கமாட்டாரு. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றேன். வேலைக்காரர்கள் முன்னால் நான் மாமனாரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

மாமனார் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நேத்து டிவியில பாத்தீல்லா."

"அது கதைல்லா மாமா!"

"அந்தக் கெழவனும் டீதான் கொண்டு வந்தான்."

அண்ணாச்சி இதைக் கேட்டார். நான்கு எட்டுத் தள்ளித்தான் நின்றார். என்னிடம் திரும்பி, "நீங்க மேல போங்கம்மா. பேச்ச வளக்காதீங்க. போயிட்டு வந்துருதேன்" என்றார். கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவர் மாதிரி. சட்டைப்பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து மீட்டர் கோலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏட்டோடு போனார்.

ஸ்டேஷனில் என்ன நடந்ததென்று அவர் சொல்லவில்லை. எனக்குப் பிறகு தோன்றியது இதுதான். செய்தது நீயா என்று கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால்? அதற்கு ஆமாம் என்று சொல்லித் தப்ப முடியாதே. ஒப்புக்கொண்டவன் இடத்தைச் சொல்லாவிட்டால் இன்னும் மோசம்.

மாமியார் புதன்கிழமை மத்தியானம் வந்தாள். அக்காளுக்குத் தேவலை என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். நாத்தனார் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"மாலையா? நான்தானே எடுத்து வச்சேன்" என்றாள் மாமியார். "கண்டவன் எல்லாம் வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கான், அலமாரிக்குச் சாவியும் சரியில்ல. அரிசிப் பானைக்குள்ள வச்சேன்."

பானையின் அடியில், மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. அத்தனை நாளும் மேலாக அந்தப் பானையிலிருந்துதான் நான் அரிசி எடுத்துச் சோறு வடித்தேன். மாமியார் மாலையைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. அந்த மாலையில் ஒட்டியிருந்த தவிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனாரே போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தார். விரல்கள் வாழைப்பூ மாதிரி வீங்கியிருந்தன. "ஏம்வே, ஏன் ஆமான்னு சொன்னீரு? நான் என்ன நெனைப்பேன்?" என்று மாமனார் கேட்டுக்கொண்டே இருந்தார். அழுகிற குரல். மாமனார் அவரை அப்படி மரியாதை வைத்துப் பேசியதையும் அன்றைக்குத்தான் கேட்டேன். அண்ணாச்சி ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக் குடித்தார்.

மார்த்தாண்டத்துக்காரர்களுக்குச் செய்தி அதற்குள் போயிருந்தது. சாலையில் விசாரித்துச் சம்பந்தம் பேசியவர்கள். சாலையிலிருந்தே சேதி போயிற்று. வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமனார் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அவர்களிடம் போனார். நகை வீட்டிலேயே இருந்தது, எங்கள் வீட்டுத் தப்பு, அவர் சொக்கத் தங்கம் என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர்தான், காப்பி கொடுத்திருக்கிறார். பிறகு கேட்டிருக்கிறார்: "எல்லாம் சரி. திருடல்லன்னா, போலீஸ்காரனுக்கு முன்னால வச்சு ஒரு மனுஷன் நாந்தான் எடுத்தேன்னு ஏன் சொல்லணும்?"

இவர்கள் இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

கடைசி ஞாயிறைச் சொல்லுமுன் இன்னொன்று. பல வருஷம் கழித்துத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். நாகர்கோவிலுக்கே குடிபோய்விட்டார்களாம். பெண் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாளாம். கல்யாணம் ஆயிற்றா என்று நான் கேட்கவில்லை, அந்த அம்மாளும் சொல்லவில்லை. "அவரு எப்படி இருக்காரு?" என்று மட்டும் கேட்டேன். "இருக்காரு. யாராவது ஏதாவது கேட்டா எந்திச்சு வெளிய போயிருவாரு" என்றார். அவர் பஸ் வந்துவிட்டது. நான் கையிலிருந்த பழத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடிபட்ட விரல் நகம் கொஞ்ச நாளைக்கு மரத்துக் கிடக்குமே, அப்படித்தான். எனக்கு அந்த மரப்பு போகவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தொடரின் கடைசி வாரம். கூட்டத்தைச் சேர்க்க வேண்டாமென்று நான் சொன்னேன். மாமனார்தான் கேட்கவில்லை. எதுவும் நடக்காத மாதிரி இருந்தால் எதுவும் நடக்காததாகிவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கரமனைக்கு ஆளனுப்பி அண்ணாச்சியையும் வரச் சொன்னார். அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கையில் கட்டு. மாமனார் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதுல இரியும்" என்றார். அவர் அதைத் தாண்டிப் போய், வாசல் நிலைக்குப் பக்கத்தில், செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

பெரியவர்கள் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீக்கிழவனைத் துரத்துகிறார்கள், ரயிலில், படகில், கூரைமேல். கடைசியில் பிடித்துவிட்டார்கள். கையில் விலங்கு. இன்ஸ்பெக்டர் அவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இத்தனை வாரமும் எங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இந்தத் தடவை அவனைப் பார்த்துக் கேட்டார்.

பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? பழக்கம். எல்லாம் சேர்ந்து வாசல் பக்கம் திரும்பி, "அண்ணாச்சீ!" என்று கத்தின.

மாமனார் "ஏ, சும்மா இருங்க" என்று எழுந்தார். பிள்ளைகள் சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தன.

"நான் இல்ல" என்றார் அண்ணாச்சி.

சத்தமாகச் சொல்லவில்லை. எப்போதும் சொல்லுகிற அதே குரல்தான். ஒரு தடவை கூடத்தை முழுக்கப் பார்த்தார். மாமனாரை, என் வீட்டுக்காரரை, என்னை.

"நான் எடுக்கல்ல."

பிறகு எழுந்தார். அத்தனை செருப்பில் தன் செருப்பை இடது காலால் தள்ளிப் பிரித்து மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். மரப்படியில் அவர் இறங்குகிற சத்தம் அடிவரைக்கும் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை.

டிவியில் அந்தக் கிழவன் இன்ஸ்பெக்டருக்கு நீளமாக என்னவோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சொல்லாததால், செய்தேன் என்றானா இல்லை என்றானா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.